குருதிக் குளியல்!

கண்ணாடி முன்னே ஒரு சீமாட்டி. கன்னத்தில் சுருக்கம், கண்ணில் களைப்பு, கரத்தில் நடுக்கம். கணவன் மாண்டான், கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது. பட்டுக்குப் பஞ்சமில்லை, பணியாட்களுக்குக் குறைவில்லை. இளமை மட்டும் இல்லை! போன இளமையைப் பொன் கொடுத்தா வாங்க முடியும்?

வாங்க முடியும் என்கிறது கதை. பொன் கொடுத்தல்ல, பிறர் உயிரைப் பறித்து! பணிப்பெண் ஒருத்தியின் இரத்தம் தற்செயலாகச் சீமாட்டியின் முகத்தில் தெறிக்கிறது. துடைத்துப் பார்க்கிறாள். தெறித்த இடத்திலே சுருக்கம் இல்லை! பளிங்கு போன்ற இளந்தோல்! அன்று தொடங்குகிறது வேட்டை. கன்னிப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கோட்டைக்குள் மறைகின்றனர். சீமாட்டி குமரியாகிறாள், பெற்ற மகளைச் சிறை வைத்துவிட்டு, மகளின் பெயரிலேயே உலவுகிறாள், இளம் படைவீரன் ஒருவனைக் காதலிக்கிறாள். ஆனால் குருதி தந்த இளமை சில நாளே நிற்கும். போகும்போதோ, முன்னிருந்ததினும் கோரமான முதுமையைத் தந்துவிட்டுப் போகும். திருமண மேடையிலேயே குமரி கிழவியாகிறாள், குட்டு வெளிப்படுகிறது, தூக்குமரம் காத்திருக்கிறது.

இது 1971இல் வெளிவந்த ‘கவுண்டஸ் டிராகுலா’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் கதை. திகில் படங்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்தது. புடாபெஸ்ட்டில் பிறந்த பீட்டர் சாஸ்டி இயக்கியது. படத்திலே காணும் கோட்டை, எட்டாம் ஹென்றி மன்னனையும் ஆன் பொலினையும் பற்றிய 1969ஆம் ஆண்டுப் படமொன்றுக்காக எழுப்பிய காட்சியமைப்பு. அதையே எடுத்தாண்டனர். பெயரிலே உள்ள டிராகுலா, 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலின் நாயகன். அவனுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. சீமாட்டியாக நடித்த இங்க்ரிட் பிட்டின் குரல்கூட அவருடையதன்று; வேறொருவர் பேசியது. இரவல் கோட்டை, இரவல் பெயர், இரவல் குரல்!

அப்படியானால் கதையும் இரவல்தானா? அதைத்தான் நாம் ஆராய வேண்டும். ஏனெனில் இந்தச் சீமாட்டி கற்பனைப் பாத்திரமல்லள். உண்மையிலேயே வாழ்ந்தவள். அவள் பெயர் எலிசபெத் பாத்தோரி.

*

1560இல் அங்கேரி நாட்டின் பெருங்குடிகளுள் ஒன்றிலே பிறந்தாள். தாயின் உடன்பிறந்தவரான ஸ்டீபன் பாத்தோரி, போலந்து நாட்டின் மன்னர். 1575இல், பதினான்கு வயது முடிந்திருந்தபோது, ஃபெரென்ஸ் நாடஷ்டி என்னும் பிரபுவுக்கு மணமுடித்தனர். இன்றைய சுலோவாக்கியாவில் சாஹ்டிட்சே என வழங்கும் ஊரிலுள்ள கோட்டை, அவளுக்குத் திருமணப் பரிசாக வந்தது. கோட்டை என்றால் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல. சுற்றியுள்ள ஊர்களும் அதிலே அடக்கம். ஊர்கள் என்றால் மக்களும் அதிலே அடக்கம்! மணப்பெண்ணுக்கு மாடுகளைச் சீராகத் தருவது போல மனிதர்களையும் சேர்த்துத் தந்த காலம் அது.

கணவன் துருக்கியருடன் போர்முனையில், மனைவி கோட்டையில். பண்ணை, வரி, வழக்கு அனைத்தும் அவள் ஆட்சி. 1604இல் கணவன் இறந்தான். அதன்பின் தட்டிக் கேட்பார் எவரும் இல்லை.

தட்டிக் கேட்க ஏன் ஒருவரும் இல்லை? அந்தக் கேள்விக்கு விடை கோட்டைக்குள் இல்லை. சட்டப் புத்தகத்திலே இருக்கிறது.

1514இல் அங்கேரியக் குடியானவர்கள் டோஷா என்பவன் தலைமையிலே கிளர்ந்தெழுந்தனர். துருக்கியரை எதிர்க்கத் திரட்டிய படை, தங்களை உறிஞ்சும் பிரபுக்கள் மீதே திரும்பியது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. டோஷாவுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பு அரியணை! தலையிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பு முடி! ‘குடியானவர் மன்னன்’ என்று ஏளனம் செய்து, அமர வைத்துப் பொசுக்கினர். அதே ஆண்டு கூடிய பிரபுக்கள் சபை, குடியானவர் அனைவரையும் ‘நிரந்தர அடிமைகள்’ என்று அறிவித்தது. ஊரைவிட்டுப் போகும் உரிமை பறிக்கப்பட்டது. வாரத்திலே ஒரு நாள் கூலியின்றி உழைப்பது கடமையாக்கப்பட்டது.

வெர்போட்சி என்னும் சட்ட அறிஞர் தொகுத்து 1517இல் அச்சேறிய சட்ட நூல், இன்னொரு பக்கத்தையும் எழுதி வைத்தது. உரிய முறையில் மன்றத்துக்கு அழைத்து, குற்றவாளி எனத் தீர்ப்பும் பெறாமல், பிரபு எவரையும் கைது செய்யக் கூடாது! ஒரு கையால் ஏழைக்கு விலங்கு, மறு கையால் பிரபுவுக்குக் கவசம். அந்தக் கடுமை பிற்காலத்தில் ஏட்டளவில் சிறிது தளர்ந்தது. ஆயினும் ஆண்டையின் மன்றமே அடிமையின் மன்றம் என்ற நிலை மட்டும் தளரவில்லை. கோட்டையிலே மகளை இழந்த தாய் முறையிட வேண்டிய நீதிபதி யார்? அந்தக் கோட்டைக்கு உடையவளேதான்!

*

பணிப்பெண்கள் அடித்தும் சுட்டும் குளிரிலே நிறுத்தியும் வதைக்கப்படுகின்றனர் என்ற பேச்சு நெடுநாள் உலவியது. நாடஷ்டி உயிரோடிருந்தபோதே, 1602ஆம் ஆண்டளவில், லூத்தரன் சமயப் போதகர் ஒருவர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. செத்தவர்கள் குடியானவர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்காக எந்த மணியும் அடிக்கவில்லை.

பிறகுதான் வந்தது வேறொரு செய்தி. நாகரிகம் பழகச் சீமாட்டியின் அரண்மனைக்கு அனுப்பப்பட்ட சிறு பிரபுக்களின் மகள்களும் மாண்டனர் என்ற செய்தி! 1610இல் மன்னன் மத்தியாஸ் விசாரணைக்கு ஆணையிட்டான். மன்னனுக்கு அடுத்த பதவியிலிருந்த ஜார்ஜ் தூர்சோ விசாரணையை நடத்தினார். ஆண்டின் இறுதியில், டிசம்பர் 29ஆம் நாளையொட்டி, அவரே ஆட்களுடன் கோட்டைக்குள் நுழைந்தார். ஒரு பெண் பிணமாகக் கிடந்தாள், இன்னொருத்தி காயங்களுடன் கிடந்தாள் என்று தம் மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

1611ஆம் ஆண்டு ஜனவரி 2, 7 ஆகிய நாட்களில் பிட்சா என்னும் ஊரில் வழக்கு நடந்தது. யார் மேல் வழக்கு? சீமாட்டி மேலா? இல்லை! அவளுடைய வேலைக்காரர் நால்வர் மேல். மூன்று பெண்கள், ஓர் இளைஞன். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினர். இரண்டு பெண்களின் விரல்களைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தீயிலிட்டனர். இளைஞனின் தலையை வெட்டி உடலை எரித்தனர். மூன்றாமவள் சிறைக்குப் போனாள்.

சீமாட்டி? மன்றத்தின் படியையே அவள் மிதிக்கவில்லை. விசாரித்தால் குடும்பத்துக்கு இழுக்கு; தண்டித்தால் சொத்து மன்னனுக்குப் போய்விடும். ஆகவே தூர்சோவும், சீமாட்டியின் மகனும் மருமகன்களும் கலந்து பேசினர். தன் சொந்தக் கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டாள். 1614ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், 54ஆம் வயதில், அங்கேயே இறந்தாள்.

திரைப்படத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். படத்திலே சீமாட்டிக்குத் தூக்கு. வரலாற்றிலே வேலைக்காரிக்குத் தீ; சீமாட்டிக்குச் சொந்தக் கட்டில்! வெள்ளித்திரை வழங்கிய நீதியை வரலாறு வழங்கவில்லை. படத்தைப் பார்த்தவன், ‘கொடியவள் ஒழிந்தாள்’ என்று நிம்மதியாக வீடு திரும்பலாம். வரலாற்றைப் படித்தவனால் அப்படித் திரும்ப முடியாது.

*

சரி, குருதிக் குளியல் எங்கே? இளமை எங்கே?

இரண்டு கட்டமாக நடந்த விசாரணையிலே முந்நூறுக்கும் மேற்பட்டோர் சாட்சியம் அளித்தனர். அந்தச் சாட்சியங்கள் 1817இல் முதன்முதலாக அச்சில் வெளிவந்தன. வெளிவந்தபோது தெரிந்தது ஒரு செய்தி: இரத்தத்தில் குளித்தாள் என்று ஒரு சாட்சிகூடச் சொல்லவில்லை! இளமை வேண்டிக் கொன்றாள் என்று எவரும் சொல்லவில்லை! அடித்தாள், சுட்டாள், பட்டினி போட்டாள் என்றுதான் சொன்னார்கள்.

குளியல் கதை முதன்முதலில் ஏறியது 1729இல். சீமாட்டி இறந்து 115 ஆண்டுகள் கழித்து! ஏறியது ஒரு வரலாற்று நூலில். எழுதியவர் லாஸ்லோ துரோட்சி என்னும் ஏசுசபைத் துறவி. சீமாட்டியோ கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்தவள். ஏசுசபைக்கும் சீர்திருத்தச் சமயத்தாருக்கும் அங்கேரியில் நிலவிய பகையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறவியின் ஏட்டிலிருந்து பிறர் ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து நாவலுக்கு, நாவலிலிருந்து திரைக்கு! இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கதை கைமாறி வளர்ந்தது.

துறவியின் மூளையிலே இந்தக் கற்பனை எங்கிருந்து முளைத்தது? முளைக்க மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. இத்தாலியின் பெரும் தத்துவ அறிஞர் எனப் போற்றப்படும் மார்சிலியோ ஃபிசினோ, 1489இல் வெளிவந்த தம் நூலிலே முதியோருக்கு ஒரு மருத்துவம் சொன்னார்: நலமுள்ள இளைஞனின் கையிலிருந்து, அவன் இசைவோடு, சிறிது குருதியை அட்டை போல் உறிஞ்சிப் பருகலாம்! பேரறிஞர் எழுதினார், மருத்துவம் என்று நம்பினர். இரத்தத்திலே இளமை இருக்கிறது என்ற மூடநம்பிக்கை, குடிசையில் பிறந்ததன்று. மாளிகையிலும் மடத்திலும் ஏட்டிலும் வளர்ந்தது.

இன்னொரு கதையும் உண்டு. 1492இல் எட்டாம் இன்னொசென்ட் என்னும் போப்பாண்டவர் சாகக் கிடந்தபோது, மூன்று சிறுவர்களின் குருதியை எடுத்து மருந்தாக்கினர், சிறுவர்கள் மாண்டனர் என்று ரோமாபுரி நாட்குறிப்பாளர் ஒருவர் எழுதினார். போப்பாண்டவருக்கு எதிரான கதையாயிற்றே, பகுத்தறிவாளருக்கு இனிக்கும் அல்லவா? எடுத்து முழங்கலாமா? கூடாது! எழுதியவர் போப்பின் பகைவர். மருத்துவர் ஒரு யூதர் என்று சேர்த்திருப்பதிலே, யூதர் மேல் அந்நாளில் சுமத்திய பழிகளின் வாடை வீசுகிறது. நமக்குப் பிடித்த பொய்யும் பொய்தான். பகுத்தறிவுக்குத் தராசு ஒன்றே. அது பகைவனுக்கு ஒன்று, நண்பனுக்கு ஒன்று என்று இரண்டு படிக்கல் வைத்திருப்பதில்லை.

அதே தராசிலே சீமாட்டியையும் நிறுத்துவோம். 650 பேரைக் கொன்றாள் என்பர். அந்த எண் எங்கிருந்து வந்தது? சீமாட்டி கைப்பட எழுதிய பட்டியலொன்றை வேறொருவர் பார்த்ததாகத் தான் கேள்விப்பட்டதாக ஒருத்தி சொன்ன சாட்சியத்திலிருந்து! பட்டியல் கிடைக்கவே இல்லை. வேலைக்காரர்கள் சொன்னவை சுமார் 36, 37, 50 என ஆளுக்கொரு கணக்கு. அதுவும் சித்திரவதையில் பிறந்தது. சாட்சிகளிலே பெரும்பாலோர் கண்டதைச் சொன்னவரல்லர், கேட்டதைச் சொன்னவர். இதைக் காட்டி, ‘விதவையின் செல்வத்தையும் செல்வாக்கையும் ஒடுக்கப் பின்னிய சதி இது’ என்று வாதிடும் அங்கேரிய வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. தள்ளிவிட முடியாத வாதம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சதி என்று கொண்டாலும், குற்றம் என்று கொண்டாலும், இரண்டிலும் மாறாத செய்தி ஒன்று உண்டு. ஆண்டாண்டுகளாக ஏழைப் பெண்கள் அந்தக் கோட்டைக்குள் மாண்டதாக ஊரெல்லாம் பேசிற்று. கேட்க ஒரு மன்றமும் இல்லை! கேட்ட அன்றும், கேட்டவர்கள் ஏழைகளுக்காகக் கேட்கவில்லை. மாண்டவர்கள் எத்தனை பேர் என்று இன்றளவும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீமாட்டியின் பிறந்த நாள் தெரிகிறது, மண நாள் தெரிகிறது, இறந்த நாள் தெரிகிறது. அவளுக்குத் தலைவாரிய பெண்ணின் பெயரையோ எந்த நாளிதழும் எந்தத் திரைப்படமும் நமக்குச் சொல்லவில்லை.

*

இப்போது விளங்கும், குருதிக் குளியல் கதை யாருக்கு உதவுகிறது என்பது.

அழகு வெறி பிடித்த பெண் கொன்றாள் என்றால், குற்றம் யாருடையது? பெண்மையினுடையது! ‘பெண்ணுக்கு அழகுப் பித்து, முதுமை வந்தால் பேயாவாள்’ என்று முடித்துவிடலாம். இதே ஹாமர் நிறுவனம் 1959இல், சாவை ஏய்க்க முயலும் ஓர் ஆணைப் பற்றியும் படம் எடுத்தது. அவன் 104 வயது மருத்துவன். சுரப்பிகளை மாற்றிப் பொருத்தி இளமை காக்கிறான். அதற்காகக் கொலையும் செய்கிறான். அவனுக்கு வைத்த நோய் அறிவு வெறி. அவளுக்கு வைத்த நோய் அழகு வெறி! ஆண் கொன்றால் ஆராய்ச்சி தடம் புரண்டது. பெண் கொன்றால் ஆசை தலைக்கேறியது! கொலையிலேகூட ஓரவஞ்சனை.

அவள் பேய் என்றால், குற்றம் யாருடையது? நரகத்தினுடையது! பிரபுத்துவம் கை கழுவிக்கொள்கிறது. பேய் என்பது ஆயிரத்தில் ஒன்று; அதை விரட்டிவிட்டால் ஊர் நலம் பெற்றது. எஞ்சிய ஆண்டைகள் நல்லவர்கள், எஞ்சிய கோட்டைகள் புனிதமானவை! அங்கேரியிலே அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1848இல். சீமாட்டி மாண்டு 234 ஆண்டுகள் வரை அந்த முறை முற்றாக ஒழியாமல் இருந்ததே! பேய் செத்தது, பேயை வளர்த்த வீடு நிலைத்தது.

அந்தப் படமே இந்த உண்மையைத் தொட்டுவிட்டு நழுவுகிறது. தொடக்கத்திலே சீமாட்டியின் வண்டியின்கீழ் ஒரு குடியானவன் சிக்கி மடிகிறான். அங்கே மந்திரமில்லை, மாயமில்லை, சக்கரம் மட்டும். படத்திலே வரலாற்றுக்கு மிக அருகில் நிற்கும் காட்சி அதுவே. அதற்குப் பின் குருதி வருகிறது, குமரி வருகிறாள், குடியானவனை நாம் மறந்துவிடுகிறோம்.

சீமாட்டியாக நடித்த இங்க்ரிட் பிட் எவர்? 1937இல் வார்சா நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தாயுடன் ஸ்டுட்ஹோஃப் என்னும் நாஜிச் சிறைமுகாமில் அடைக்கப்பட்டு, உயிர் பிழைத்தவர். அந்த முகாமை நடத்தியவர்களுக்குக் கோரைப் பல் இல்லை. அவர்கள் குருதியிலே குளிக்கவும் இல்லை. அவர்களிடம் ஆணை இருந்தது, பட்டியல் இருந்தது, கையெழுத்து இருந்தது. கேட்பாரற்ற அதிகாரம் கையிலே இருந்தால் போதும், கொடுமைக்குப் பேய் தேவையில்லை. திரையிலே பேயாக நின்ற அந்தப் பெண்மணி, குழந்தைப் பருவத்திலேயே அதை அறிந்திருந்தார்.

*

‘பழங்கதை, இன்று யார் நம்புவர்?’ என்று கேட்பீர்கள். 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் இளம் எலியையும் ஒரு முதிய எலியையும் இணைத்து, குருதி இரண்டுக்கும் பொதுவாக ஓடச் செய்தனர். முதிய எலியின் தசை காயம் ஆற்றும் திறனைச் சிறிது மீட்டது. ஆய்வு நேர்மையானது, அதன் முடிவுக்கு எல்லையும் உண்டு. ஆனால் பின்னர் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் கடை விரித்துவிட்டது. இளையோரின் குருதிநீர் ஒரு லிட்டர் 8,000 டாலர்! 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது: முதுமையைப் போக்கும் என்பதற்குச் சான்று இல்லை, உடலுக்குத் தீங்கு நேரலாம். ஃபிசினோ சொன்ன மருந்து, 530 ஆண்டுக்குப் பின் புதுப் புட்டியிலே! அன்றும் இன்றும் வாங்குபவன் செல்வன்தான்.

மனிதனுக்கு ஆயுள் தந்தது எது? அதற்கும் அங்கேரிதான் விடை தருகிறது. புடா நகரிலே 1818இல் பிறந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். வியன்னாவின் பொது மருத்துவமனையில், பிள்ளை பெற வந்த ஏழைத் தாய்மார் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் மாண்டனர். 1847ஆம் ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்! ‘காற்றின் தீமை’ என்றனர் பெரியோர். செம்மல்வைஸ் எண்ணிப் பார்த்தார், ஒப்பிட்டுப் பார்த்தார். பிணம் அறுத்த கையோடு மருத்துவர்கள் தாய்மாரைத் தொடுவதே காரணம் எனக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவச் சொன்னார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

அவருக்குக் கிடைத்த பரிசு? மருத்துவ மேதைகளின் ஏளனம். பிரபுக்களின் கை என்றும் தூயது என்ற ஆணவத்தையல்லவா அவர் தொட்டுவிட்டார்! மேன்மக்களின் கையிலே சாவு இருக்கிறது என்றல்லவா மெய்ப்பித்துவிட்டார்! 1865இல், 47ஆம் வயதில், மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

ஒரே நாட்டிலிருந்து இரண்டு கதைகள். ஒருத்தி, குருதியிலே குளித்தாள் என்பது பொய்க்கதை. ஒருவர், கை கழுவச் சொன்னார் என்பது மெய்வரலாறு. பொய்க்கதையிலே ஏழைப்பெண் செத்து, சீமாட்டி இளமை பெறுகிறாள். மெய்வரலாற்றிலே ஏழைத்தாய் பிழைத்து, பிள்ளையை மடியில் ஏந்தி வீடு திரும்புகிறாள்.

படத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நடிப்பிலே திறம் உண்டு, காட்சியிலே அழகு உண்டு. பார்த்துவிட்டு வெளியே வரும்போது மட்டும், ‘பேய் எப்படிச் செத்தது?’ என்று கேட்காதீர்கள். ‘கோட்டை எப்படி நின்றது?’ என்று கேளுங்கள்!